பெண், வயது அறுபத்தாறு

செப்டம்பர் 4

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நீயும் உன் மனைவியும் பிள்ளைகளும் சுகம்தானே? அவளுடைய முட்டிவலிக்கு இப்போது யாரிடம் காட்டுகிறீர்கள்? எனக்கு மாலை வேளையில் லேசான காய்ச்சல் வந்து போகிறது. ஒரு மாத்திரையில் அடங்கிவிடுகிறது, கவலைப்பட ஒன்றுமில்லை.

ஓய்வு பெற்ற பிறகும் செவ்வாய், வெள்ளி இரண்டு நாள் நம் ஊர் அரசு மருத்துவமனையின் எச்.ஐ.வி. பரிசோதனை மையத்தில் நான் பதிவேடு எழுதுவது உனக்குத் தெரியும். எழுத்தர் இடம் மூன்று வருடமாகக் காலி. முப்பத்தோரு வருடம் அந்த மருத்துவமனையின் பதிவறையை நடத்தியவளுக்கு, கிறுக்கலான ஒரு பதிவேட்டைப் பார்த்துக்கொண்டு வீட்டில் சும்மா இருக்க முடியவில்லை.

ஜூன் மாதம் முதல் இங்கே சோதனைக் கிட் ஒன்றுகூட இல்லை. கேட்டு அனுப்பிய கடிதங்கள் ஏழு. ஏழுக்கும் நகல் வைத்திருக்கிறேன். பதில் ஒன்றுக்கும் இல்லை.

நேற்று ஒரு தையல்காரப் பெண் வந்தாள். மூன்று மாதக் கர்ப்பம். கணவன் லாரி ஓட்டுகிறவன், அவனுக்குத் தொற்று இருக்கிறது என்று வேறு ஊரில் சொல்லியிருக்கிறார்கள். எங்கள் ஆலோசகர், "கிட் வரலைம்மா, அடுத்த மாசம் வாங்க" என்றாள்.

"போன மாசமும் இதையேதான் சொன்னீங்க. வயித்துல இருக்கறது அடுத்த மாசம், அடுத்த மாசம்னு காத்துக்கிட்டு இருக்குமா?" என்று கேட்டுவிட்டு அவள் போய்விட்டாள். அவள் கேட்டதை நான் உன்னிடம் கேட்கிறேன். காத்துக்கொண்டிருக்குமா?

இன்றைய செய்தித்தாளில் நீ கேடயம் வாங்குகிற படம் பார்த்தேன். மாநிலத் தொற்றுப் புள்ளிவிவரத்துக்குப் பொறுப்பான இணை இயக்குநர் என்று போட்டிருக்கிறார்கள். இந்த ஒரே மையம் உள்ள எங்கள் மாவட்டத்தில் இந்த ஆண்டு இதுவரை புதிய தொற்று பூஜ்ஜியமாம். ஆண்டு முடிவிலும் பூஜ்ஜியம் என்றால் எங்கள் மையத்தை மூடி, பக்கத்து மாவட்டத் தலைமை மருத்துவமனையோடு இணைத்துவிடுவார்களாம். அது மூன்று மணி நேர பஸ். இங்கே மாதாமாதம் கிருமியை அடக்கும் கூட்டு மருந்து வாங்குகிறவர்கள் நூற்றுப் பன்னிரண்டு பேர். அதில் பாதிப் பேர் ஒரு நாள் கூலியை விட்டால் மறுநாள் அடுப்பு எரியாதவர்கள். அவர்கள் மருந்தை விட்டுவிடுவார்கள். விட்டால் என்ன ஆகும் என்று டாக்டரான உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

கிட் எப்போது வரும்? தேதி போட்டு எழுது.

அக்கா


செப்டம்பர் 19

மதிப்புக்குரிய அக்காவுக்கு,

தம்பி வணக்கம். இங்கே அனைவரும் நலம். முட்டிக்கு நல்ல டாக்டர் கிடைத்திருக்கிறார்.

உங்கள் காய்ச்சலைப் பற்றி ஒரே வரியில் எழுதிவிட்டீர்கள். எத்தனை நாளாக வருகிறது? எடை குறைந்திருக்கிறதா? எத்தனை கிலோ? வாயில் புண், நாக்கில் வெள்ளை படிவது, காரணமில்லாத வயிற்றுப்போக்கு ஏதாவது உண்டா? தயவுசெய்து எல்லாவற்றுக்கும் பதில் எழுதுங்கள். மையத்துக்குப் போவதையும் நிறுத்திவிடுங்கள். பல நோயாளிகள் இருமுகிற இடம் அது.

கிட் விஷயத்தை உரிய பிரிவின் கவனத்துக்குக் கொண்டுபோயிருக்கிறேன். கொள்முதலில் ஒரு தாமதம். மையங்களை இணைப்பது கொள்கை முடிவு, அது என் கையில் இல்லை. எங்கள் பிரிவு மாவட்டங்கள் அனுப்புகிற எண்களைத் தொகுக்கிறது, அவ்வளவுதான்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

தங்கள் தம்பி


செப்டம்பர் 27

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. எல்லோரும் நலம் என்பதில் சந்தோஷம்.

முதலில் உன் கேள்விகளுக்கு. காய்ச்சல் நாலு மாதமாக. எடை நாலரை கிலோ குறைவு. வாயில் புண் இரண்டு முறை வந்து போனது. வயதானால் இளைக்கத்தான் செய்வார்கள். நீ எனக்குத் தம்பியா, ரயில் நிலையத்து எடை இயந்திரமா?

இப்போது என் கேள்விகளுக்கு வருவோம். மாவட்டம் அனுப்பும் எண்ணைத்தான் தொகுக்கிறோம் என்று எழுதியிருக்கிறாய். அந்த எண் எப்படிப் பிறக்கிறது என்று பார்க்க எங்கள் டெக்னீஷியனின் நாற்காலிக்குப் பின்னால் நின்றேன். நாற்பது வயது ஆள், பயந்த சுபாவம். ஆகஸ்ட் மாத அறிக்கையில் அவர் பூஜ்ஜியம் போட்டிருந்தார்.

"சோதனையே பண்ணலையே, எதை வெச்சு பூஜ்ஜியம் போட்டீங்க?"

"காலியா விட்டா கம்ப்யூட்டர் அந்தக் கட்டத்தைச் சிவப்பாக்கிடுதும்மா. அடுத்த பக்கம் போக விடாது. அறிக்கை போகலைன்னா எனக்குத்தான் மெமோ வரும்."

"எத்தனை பேருக்குச் சோதனைன்னு முதல்ல ஒரு கட்டம் இருக்கே?"

"அதுலயும் பூஜ்ஜியம்தான். அதை யாரு படிக்கறாங்க?"

யார் படிக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். நீ படிக்கிறாய். ஐந்து வயதில் பஸ் டிக்கெட் எண்ணைக்கூடக் கூட்டிப் பார்த்தவன் நீ. சோதனை பூஜ்ஜியம், தொற்று பூஜ்ஜியம் என்று இரண்டும் அருகருகே இருந்ததைப் பார்த்தாய். பார்த்துவிட்டு இரண்டாவதை மட்டும் அச்சுக்குக் கொடுத்தாய். பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருண்டுவிடாது என்பார்கள். உங்கள் அலுவலகத்துப் பூனைக்கு அதற்காகக் கேடயமே கொடுக்கிறார்கள்.

ஜூன் முதல் இங்கே வந்து திரும்பிப் போனவர்கள் நாற்பத்து மூன்று பேர். ஆலோசகர் ஒரு நோட்டில் குறித்து வைத்திருக்கிறாள். அவர்களுக்கு உங்கள் அறிக்கையில் எந்தக் கட்டம்?

மையத்துக்குப் போவதை நிறுத்தமாட்டேன்.

அக்கா


அக்டோபர் 20

மதிப்புக்குரிய அக்காவுக்கு,

தம்பி வணக்கம். எல்லோரும் நலம், உங்கள் நலம் ஒன்றுதான் கவலையாக இருக்கிறது. நாலரை கிலோ சாதாரணமில்லை. இங்கே வந்து எங்களோடு ஒரு மாதம் இருங்கள். என் நண்பர் ஒருவர் முழு உடல் பரிசோதனை செய்வார். நானே கூட இருப்பேன். வேறு எங்கும், குறிப்பாக உங்கள் ஊரில், எதுவும் செய்துகொள்ள வேண்டாம். சின்ன ஊர் ஆய்வகங்களை நம்ப முடியாது.

முப்பது கிட் அடுத்த வாரம் உங்கள் மையத்துக்கு வரும். என் சொந்த முயற்சியில் ஏற்பாடு செய்தேன். தயவுசெய்து பத்திரிகைக்கு எதுவும் எழுதிவிடாதீர்கள். எனக்கு ஓய்வுக்கு இன்னும் பத்து மாதம்தான் இருக்கிறது.

தம்பி


நவம்பர் 12

தம்பிக்கு,

நலம் என்று வைத்துக்கொள். அங்கேயும் அப்படியே இருக்கட்டும்.

கிட் வந்தது. நன்றி சொல்ல மாட்டேன். குடிக்கத் தண்ணீர் கேட்டவளுக்கு ஐந்து மாதம் கழித்து அரை டம்ளர் கொடுத்தாய்.

நோட்டில் இருந்த நாற்பத்து மூன்று பேருக்கும் சொல்லி அனுப்பினோம். ஒன்பது பேர் வந்தார்கள். தையல்காரப் பெண்ணும் வந்தாள், இப்போது ஐந்து மாதம். வந்தவள் சோதனை அறைக்குள் உட்காரமாட்டேன் என்று வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஆலோசகர் அரை மணி நேரம் பேசியும் அசையவில்லை. நான் எழுந்து போய், "ஊசி முனை அளவு ரத்தம், அதுக்கு இவ்வளவு பயமா?" என்றேன்.

"ஊசிக்கு யாரு பெரியம்மா பயப்படறா? முடிவுக்குத்தான் பயம். உங்களுக்கென்ன, வெளியில நின்னு சொல்லிடுவீங்க. நீங்க முதல்ல கை நீட்டுங்க பாப்போம். அப்புறம் நான் நீட்டறேன்."

மையத்தில் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நாற்காலியில் உட்கார்ந்து, மோதிர விரலை டெக்னீஷியனிடம் நீட்டினேன்.

அவள் கை நீட்டவில்லை. டெக்னீஷியன் என் முகத்தைப் பார்த்ததை அவள் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டாள்.

ஒரு விஷயம். உன் அத்தான் கடைசி இரண்டு மாதம் நீ வேலை பார்த்த மருத்துவமனையில்தான் இருந்தார். காசநோய் என்று சான்றிதழ் கொடுத்தாய். அந்தச் சிகிச்சைக் காகிதங்கள் அனைத்தும் உன்னிடம்தான் இருக்கின்றன. எனக்கு அனுப்பு.

அக்கா


நவம்பர் 21

அக்காவுக்கு,

தம்பி வணக்கம்.

அத்தான் காலமாகி ஏழு வருடமாகிறது. அந்தக் காகிதங்கள் வீடு மாற்றும்போது எங்கேயோ போய்விட்டன. மருத்துவமனையிலும் ஐந்து வருடத்துக்கு மேல் வைத்திருப்பதில்லை. பழையதைக் கிளறுவதால் யாருக்கும் பயனில்லை என்று நினைக்கிறேன்.

இங்கே ஆண்டு அறிக்கை வேலை அதிகம். சுருக்கமாக எழுதுவதற்கு மன்னிக்கவும்.

தம்பி


டிசம்பர் 8

தம்பிக்கு,

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். ஏழு வருடத்தில் என் உடம்பைப் பற்றி நீ ஒரு வார்த்தைகூடக் கேட்காத முதல் கடிதம் இது.

நவம்பர் மாத அறிக்கை இங்கிருந்து ஒன்றாம் தேதி போய்விட்டது. புதிய தொற்று ஒன்று. விவரப் பட்டியலில் அதற்கு ஒரு வரி உண்டு. பெயர் இருக்காது. வயது, பால், திருமண நிலை, தொழில் மட்டும். அந்த வரியை நானே எழுதிக் கொடுத்தேன்.

பதிவறைக் காகிதங்களை ஐந்து வருடத்தில் அழிப்பதில்லை, பத்து வருடம் வைத்திருக்க வேண்டும். அந்த விதியோடு முப்பத்தோரு வருடம் குடித்தனம் நடத்தியவளிடமே பொய் சொல்கிறாயே.

அக்கா


ஜனவரி 18

தம்பி,

உன் வீட்டில் சுகமா என்று கேட்டு எழுத இன்று கை வரவில்லை.

நாற்பத்தோரு நாள் காத்திருந்தேன். கடிதம் வரவில்லை, ஆண்டு அறிக்கை வந்தது. பக்கம் இருபத்தாறு. எங்கள் மாவட்டத்துக்கு எதிரே பூஜ்ஜியம். பிப்ரவரி பதினாறாம் தேதி மையத்தை மூடுவது குறித்துக் கருத்துக் கேட்புக் கூட்டம், உன் தலைமையில்.

நாங்கள் ஒன்று என்று அனுப்பினோம். நீ பூஜ்ஜியம் என்று அச்சடித்தாய். டெக்னீஷியனைக் கம்ப்யூட்டரில் தேடச் சொன்னேன். எங்கள் வரிக்குப் பக்கத்தில் 'மறு சரிபார்ப்பில்' என்று ஒரு குறிப்பு. அப்படிக் குறித்தால் அந்த வரி ஆண்டுக் கணக்கில் சேராதாமே. குறித்தவர் பெயரையும் அதுவே காட்டுகிறது. எந்த உதவியாளரும் இல்லை. நீ.

பெண். வயது அறுபத்தாறு. கணவனை இழந்தவர். தொழில், ஓய்வுபெற்ற மருத்துவமனைப் பதிவறைத் தலைவர். மாநிலத்திலேயே அப்படி இன்னொரு கிழவி இருக்கமாட்டாள். இல்லத்தரசி என்று எழுதியிருக்கலாம், யாரும் கேட்கமாட்டார்கள். நீ படித்ததும் தெரிந்துகொள்ள வேண்டும் என்றுதான் முழுதாக எழுதினேன். கடிதத்தில் எழுதினால் அது குடும்ப விஷயம், நீ மூடி வைத்துவிடுவாய். அரசாங்கப் படிவத்தில் எழுதினால் மதிப்பாய் என்று நினைத்தேன். அங்கேயும் என்னை மூடி வைத்தாய்.

மூன்று வெவ்வேறு கிட்டில் பார்த்தார்கள், மூன்றிலும் இருக்கிறது. ஐந்நூறுக்கு மேல் இருக்க வேண்டிய எதிர்ப்பு அணுக்கள், சிடி4 எண்ணிக்கை, நூற்று நாற்பது. அதாவது நேற்று வந்ததில்லை. நான் கல்யாணமான நாள் முதல் அவரைத் தவிர வேறொரு ஆணின் விரல் நகத்தையும் அறியாதவள் என்பதை இந்த வயதில் உனக்கு எழுத வேண்டியிருக்கிறது. அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. அவர் பாலம் கட்டுகிற இடங்களில் வருடக் கணக்கில் தனியாக இருந்தார். அங்கே என்ன நடந்தது என்று கேட்க இனி அவர் இல்லை. நீ இருக்கிறாய்.

தையல்காரப் பெண் போன செவ்வாய் திரும்பி வந்தாள். நான் அதே நாற்காலியில் பதிவேடு எழுதிக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டு, "நீங்க இன்னும் வேலைக்கு வர்றீங்களா பெரியம்மா?" என்றாள். "வராம? பதிவேடு தானா எழுதிக்குமா?" என்றேன். உள்ளே போய்க் கை நீட்டினாள். முடிவு என்னவென்று உனக்கு எழுதமாட்டேன். மையத்தை விட்டு வெளியே சொல்லக் கூடாது என்பது விதி. எங்களுக்கு விதி என்றால் விதிதான்.

உனக்கு எப்போது தெரியும்? அதை மட்டும் எழுது.

அக்கா


ஜனவரி 29

அக்கா,

நான் எழுதிக் கிழித்த தாள்கள் இந்த அறையில் நிறைய. இதையாவது அனுப்பிவிடுகிறேன்.

அத்தானைச் சேர்த்த மூன்றாம் நாளே தெரியும். அவருக்கே நான்தான் சொன்னேன். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு, "அவளுக்குத் தெரிய வேண்டாம்டா. அவ எதையும் தாங்குவா, ஆனா என்னை மன்னிக்கமாட்டா" என்றார். சத்தியம் வாங்கிக்கொண்டார். சாகப் போகிற மனிதரிடம் முடியாது என்று சொல்ல எனக்கு வரவில்லை.

உங்களை நான் அப்படியே விட்டுவிடவில்லை. சர்க்கரை பார்க்க வேண்டும் என்று சொல்லி உங்கள் ரத்தத்தை எடுத்தேன், நினைவிருக்கிறதா? தொற்று இல்லை என்று வந்தது. படிக்கட்டில் உட்கார்ந்து அழுதேன். தொற்று வந்த புதிதில் சோதனையில் தெரியாது, மூன்று மாதம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். அது எனக்குத் தெரியும், மற்றவர்களுக்கு வகுப்பெடுத்தவன் நான். ஆனால் இரண்டாம் முறை எடுக்க வேண்டுமென்றால் உங்களுக்குக் காரணம் சொல்ல வேண்டும். முதல் முடிவே போதும் என்று என்னை நானே நம்ப வைத்துக்கொண்டேன். அதன் பிறகு ஒவ்வொரு கடிதத்திலும் எடையைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

நவம்பர் பட்டியலில் அந்த வரியைப் பார்த்தேன். அறைக் கதவைத் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டேன். என் அலுவலகத்தில் பத்துப் பேர் அதைப் படிப்பார்கள், உங்கள் தொழிலை வைத்து யாராவது கண்டுபிடித்துவிடுவார்கள் என்று பயந்தேன். உங்கள் கௌரவத்துக்காகத்தான் அப்படிக் குறித்தேன். நம்புவீர்களா?

நல்ல மருந்துகள் வந்துவிட்டன. இங்கே வாருங்கள். யாருக்கும் தெரியாமல் பார்த்துக்கொள்ளலாம்.

தம்பி


பிப்ரவரி 3

தம்பி,

நம்புகிறேன். அதனால்தான் கோபம் அதிகமாகிறது. கெட்டவன் செய்திருந்தால் சபித்துவிட்டுப் போயிருப்பேன்.

அவர் என்னைச் சரியாகத்தான் எடை போட்டிருக்கிறார். நான் மன்னித்திருக்கமாட்டேன். ஆனால் ஏழு வருடத்துக்கு முன்னால் மருந்து சாப்பிட ஆரம்பித்திருப்பேன். உங்கள் இரண்டு பேர் சத்தியத்துக்கும் என் உடம்பைப் பிணை வைக்க யார் அனுமதி கொடுத்தது? என்னைக் கேட்டீர்களா? ஒரு பெண்ணின் கோபத்தைப் பார்க்கப் பயந்து அவள் உயிரோடு விளையாடிய இரண்டு ஆண்கள். அதில் ஒருவன் டாக்டர்.

என் கௌரவத்தைப் பற்றி நீ எழுதியதைப் படித்து வாய்விட்டுச் சிரித்தேன், பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்தாள். என் கௌரவம் உன் அலுவலகத்துக் கம்ப்யூட்டரில் இல்லை. இந்த ஊரில் இது தெரிந்தால் என் வீட்டில் வாடகைக்கு இருப்பவர்கள் காலி செய்வார்கள். பால்காரர் பாக்கெட்டைக் கதவுக்கு வெளியே வைத்துவிட்டுப் போவார். அதெல்லாம் எனக்குத் தெரியாதா? மையத்துக்கு வரும் நூற்றுப் பன்னிரண்டு பேருக்கும் அதுதான் தினசரி வாழ்க்கை. நான் மட்டும் எந்த விதத்தில் உசத்தி?

யாருக்கும் தெரியாமல் அங்கே வந்து மருந்து சாப்பிடச் சொல்கிறாய். வரமாட்டேன். இந்த மையத்தில் எனக்கு எண் கொடுத்திருக்கிறார்கள், நூற்றுப் பதின்மூன்று. மருந்து ஆரம்பித்து மூன்று வாரம் ஆகிறது. முதல் வாரம் தலைசுற்றல் இருந்தது, இப்போது இல்லை. இந்த மையம் மூடினால் நானும் அந்த மூன்று மணி நேர பஸ்ஸில்தான் போவேன்.

பதினாறாம் தேதி கூட்டத்துக்கு வருவேன். முதல் வரிசையில் உட்காருவேன். நம் மாவட்டத்தின் எண்ணை நீயே உன் வாயால் படி. ஒன்று என்று படித்தால் பேசாமல் உட்கார்ந்திருப்பேன், அந்த ஒன்று யார் என்று யாருக்கும் தெரிய வேண்டியதில்லை. பூஜ்ஜியம் என்று படித்தால் எழுந்து நிற்பேன்.

அக்கா


பிப்ரவரி 17

தம்பி,

நீ வரவில்லை. உடல்நலமில்லை என்று விடுப்பு எழுதிக் கொடுத்தாயாம். உன் துணை இயக்குநர் வந்தார். சின்ன வயது, நன்றாக இஸ்திரி போட்ட சட்டை. பாவம், என்ன நடக்கப் போகிறது என்று அவரிடம் நீ சொல்லக்கூட இல்லை.

மருத்துவமனையின் மாடிக் கூடம், அறுபது நாற்காலி, அதில் பாதிக்கு மேல் காலி. மருந்து வாங்குகிறவர்கள் யாரும் முன்னால் உட்காரவில்லை, பின் சுவரோரம் முகத்தை மறைத்துக்கொண்டு நின்றார்கள். உன் துணை இயக்குநர் அறிக்கையைப் பிரித்து, பக்கம் இருபத்தாறு, புதிய தொற்று பூஜ்ஜியம் என்று படித்தார். நான் எழுந்தேன்.

"தப்பு. ஒண்ணு."

"அம்மா, இது சரிபார்த்த அறிக்கை. நீங்க எதை வெச்சு சொல்றீங்க?"

"என்னை வெச்சு சொல்றேன். நவம்பர் பட்டியல்ல அறுபத்தாறு வயசுப் பெண்ணுன்னு ஒரு வரி இருக்கு. அது நான்தான்."

அவர் கையில் இருந்த தாளைக் கவிழ்த்து வைத்தார். "அம்மா, தயவுசெஞ்சு உக்காருங்க. இது ரகசியமா வெச்சிருக்க வேண்டிய விஷயம். நீங்க இப்படிப் பொது இடத்துல சொல்லக் கூடாது."

"ரகசியம் உங்களோடதா, என்னோடதா? என்னோடதுன்னா நான் சொல்லிட்டேன். உங்களோடதுன்னா எதை மறைக்கறீங்கன்னு இவங்க முன்னால சொல்லுங்க."

எனக்குப் பக்கத்தில் இருந்த ஓய்வுபெற்ற தாசில்தார் தன் நாற்காலியை ஓசையில்லாமல் ஒரு முழம் தள்ளிப் போட்டுக்கொண்டார். எனக்கு இருபது வருடப் பழக்கம். நான் அவரைப் பார்த்தேன், அவர் தரையைப் பார்த்தார். அந்த ஒரு முழம் வலித்தது என்பதை உன்னிடம் மறைக்கமாட்டேன்.

ஜூன் முதல் அக்டோபர் வரை ஒரு சோதனையும் நடக்கவில்லை என்று சொல்லி, ஏழு கடிதங்களின் நகலையும் மேசையில் வைத்தேன். டெக்னீஷியன் எழுந்து, "ஆமா சார், பூஜ்ஜியம் போட்டது நான்தான், கிட் இல்லாமப் போட்டேன்" என்றார். பயந்த சுபாவம்தான், ஆனாலும் சொல்லி முடித்தார். நாற்பத்து மூன்று பேரின் நோட்டில் ஆலோசகர் பெயர்களை மறைத்து எண்ணிக்கையை மட்டும் காட்டினாள். துணை இயக்குநர் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். நல்ல பிள்ளை, எழுத்துப் பிழை இல்லாமல் எழுதினார்.

முடிவில் அவர் சொன்னது இது. திருத்தம் வரும் வரை மையத்தை மூடும் உத்தரவு நிறுத்தி வைக்கப்படும். அறிக்கையில் அந்த ஐந்து மாதத்துக்கும் சோதனை நடைபெறவில்லை என்று அச்சிட வேண்டும், புதிய தொற்று ஒன்று என்று மாற்ற வேண்டும். இரண்டுக்கும் இணை இயக்குநரின் கையெழுத்து வேண்டும். கையெழுத்து ஆகாவிட்டால் மார்ச் மாதம் பழைய எண்ணே நிற்கும், மையம் போய்விடும்.

கோப்பு திங்கட்கிழமை உன் மேசைக்கு வருகிறது. கையெழுத்துப் போட்டுவிட்டு எனக்கு எழுது. அதற்கு முன்னால் எழுதாதே.

அக்கா